அம்மிணிக்கு, சம்மன் விஷயமாக

அம்மிணி,

கிரெடிட் கார்டு வாங்கும்போது கொழிஞ்சாம்பாறை விலாசத்தைக் கொடுத்திருக்கிறாய், அதனால் கார்டு பாக்கிக்காக பேங்க் போட்ட வழக்கில் கோயம்புத்தூர் கோர்ட் சம்மன் இங்கேயே வந்துவிட்டது. ஆள் இல்லையென்று திருப்பி அனுப்பச் சொன்னாயே, நான் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். வாங்க மறுத்தாலும் கொடுத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும், நீ போகாவிட்டால் பேங்க் கேட்ட தொகைக்கே எக்ஸ்பார்ட்டியாக, அதாவது உன் பக்கம் கேட்காமலே, டிக்ரி என்கிற தீர்ப்பு ஆகிவிடும், அப்புறம் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

முதல் தாளில் ஆர்டர் 37 என்று இருக்கிறது, பணப் பாக்கியைச் சீக்கிரம் முடிக்கிற சுருக்க வழக்கு அது. சாதாரண வழக்கென்றால் எதிருரை போட 30 நாள் உண்டு. இதில் சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் நேரிலோ வக்கீல் வைத்தோ ஆஜராகிவிட வேண்டும். அதோடு முடியாது, பேங்க் அடுத்து இன்னொரு சம்மன் அனுப்பும், அதற்கும் 10 நாளுக்குள் வழக்காட அனுமதி கேட்டு, கணக்கில் எது தப்பு என்று சத்தியம் செய்து எழுதின அபிடவிட் போடணும்.

தப்பு இருக்கிறது. பேங்க் கோர்ட்டில் கொடுத்த பிராதோடு வைத்த கார்டு ஸ்டேட்மெண்டைப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மாதம் லேட் பீஸ், அதற்கு ஜிஎஸ்டி, அடுத்த மாதம் அந்த இரண்டின் மேலும் வட்டி. பீஸுக்கும் வரிக்கும் இப்படி வட்டி ஏற்றக் கூடாதென்று ரிசர்வ் பேங்க் 2022-லேயே சொல்லியாயிற்று. நீ செலவழித்ததைக் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு வேறு பேச்சில்லை, ஆனால் பேங்க் கேட்கிற 1,86,400 ரூபாயும் நீ செலவழித்ததில்லையே.

கடைசியாக எப்போது கட்டினாய் என்று தேடு. பாக்கி விழுந்து மூன்று வருஷம் தாண்டிப் போட்ட வழக்கு நிற்காது. ஆனால் அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தால் அன்றிலிருந்து கணக்கு புதிதாக ஓடும். அதனால் வசூலுக்கு வருகிறவன் நீட்டுகிற எதிலும் கையெழுத்துப் போடாதே.

ஜெயில் என்று மிரட்டுகிறானாமே. கட்ட வழியில்லை என்பதற்காக மட்டும் ஒருத்தரை உள்ளே வைக்க முடியாதென்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டில் எழுதினவர் நம் பாலக்காட்டில் பிறந்த கிருஷ்ணய்யர். காலை 8 மணிக்கு முன்னும் ராத்திரி 7 மணிக்குப் பின்னும் அவன் போன் பண்ணவே கூடாது, பண்ணினால் குறித்து வை.

வக்கீல் பீஸை நினைத்துப் பயப்படாதே. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே சட்ட உதவி மையத்தில் இலவச வக்கீல் தருவார்கள், 15100-க்குப் போன் போட்டுக் கேள். சமரசம் பேசுகிற லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம்தான், ஆனால் அங்கே ஒத்துக்கொண்டால் அப்பீல் கிடையாது, தொகையைப் பார்த்துத் தலையாட்டு.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயே சொல். திங்கட்கிழமை காலை வேலந்தாவளம் பஸ்ஸில் தாள்களோடு வருகிறேன். லீவு சொல்லிவிட்டு, ஆதாரையும் பழைய ஸ்டேட்மெண்டுகளையும் எடுத்து வை.

அப்பா