செயலாளரின் ஆண்டறிக்கை: 2020 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சிரமம் பாராது வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எமது கொட்டாஞ்சேனைச் சங்கத்தின் சென்ற வருடப் பொதுக்கூட்டத்தை 2020 மார்ச் 22ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நடத்துவதாக வாசிகசாலைக் கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தோம். 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்குக் கொரோனாத் தொற்றுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அந்த அறிவித்தல் மே மாதக் கடைசி வரை கதவிலேயே இருந்து வெயிலில் எழுத்து மங்கிப்போயிற்று. எனவே சென்ற வருட அறிக்கை வாசிக்கப்படவில்லை. அதன் பிரதிகள் மேசையில் உள்ளன. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நிர்வாகக் குழு நேரில் நான்கு தடவையும், தொலைபேசி வழியாகப் பல தடவையும் கூடியது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி நடைபெறவில்லை. சரஸ்வதி பூசையை வாசிகசாலைக்குள் மூவர் மட்டும் நின்று செய்தோம். தைப்பொங்கலுக்கு வாசலில் ஒரு பானை வைத்தோம். சிரமதானம் ஒன்று நடந்தது. பத்திரிகை வாசிப்புப் பகுதி ஏழு மாதங்களுக்கு மேல் மூடியிருந்தது.

நிவாரணப் பணி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எமது ஒழுங்கையில் பாதிப் பேர் நாட்கூலிக்காரர். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிகள், மீன் வியாபாரிகளுக்கு உதவியாகப் போவோர், ஆட்டோ ஓட்டுவோர். முதல் ஊரடங்கில் இரண்டாவது கிழமையே சில வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அரிசி, பருப்பு, மா, சீனி, டின்மீன் கொண்ட உலர் உணவுப் பொதிகளை மூன்று தடவை கொடுத்தோம். ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று பரவி, மாதப் பிற்பகுதியில் எங்கள் பக்கம் மறுபடி மூடப்பட்டபோது நிலைமை முன்னதை விட மோசம். நவம்பரில் மெனிங் சந்தையும் பேலியகொடைக்கு இடம் மாறியது. நடந்தே வேலைக்குப் போய்வந்த நாட்டாமிகளுக்கு இப்போது பஸ் காசு வேறு வேண்டியிருக்கிறது. பொதி கட்ட வந்தவர்கள் ஏழு பேர். அதே ஏழு பேர்தான் மூன்று தடவையும் வந்தார்கள். அவர்களில் இருவர் அங்கத்தவர்களே அல்ல, அங்கத்தவர் வீட்டுப் பிள்ளைகள். வாட்ஸ்அப் குழுவில் பொதி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று எழுதியவர்கள் இருபது பேருக்கு மேல். அவர்களில் ஒருவரேனும் வந்து ஒரு பை பருப்பு நிறுத்துக் கட்டியிருந்தால் அந்தக் கேள்வி கேட்க முழு உரிமை உண்டு என்று நானே சொல்லியிருப்பேன்.

அடுத்து, என்மீது குழுக் கூட்டத்தில் எழுப்பப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கக் காசில் மூன்று சீ.ஆர். கொப்பிகள் வாங்கியதும், போட்டோப் பிரதி எடுத்ததும், தொலைபேசிக்கு ரீலோட் போட்டதும் எதற்காக என்று கேட்கப்பட்டது. நியாயமான கேள்வி.

ஊரடங்கின் முதல் கிழமையில் நடப்பதை எழுதி வைக்கத் தொடங்கினேன். எத்தனை மணிக்கு மரக்கறி லொறி வந்தது, எந்த வீட்டுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார், அரசாங்கத்தின் 5,000 ரூபாய்க் கொடுப்பனவு யாருக்குக் கிடைத்தது என்று. 2020 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் குண்டுவெடிப்பின் முதலாம் வருட நினைவு நாள். அன்றிரவு ஒழுங்கை முழுக்க மதவேறுபாடின்றி வீட்டு வாசல்களில் மெழுகுதிரி எரிந்ததையும் எழுதினேன். அப்படி எழுதும்போதுதான் ஒரு எண்ணம் வந்தது: இந்த ஊர் இப்படி அடைபட்டது இதுதான் முதல் தடவையா?

அல்லவே அல்ல. எங்களை வீட்டுக்குள் வைத்த தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டமே 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். அந்த வருடம் ஜனவரி 15ஆம் திகதிதான் சுவாமி விவேகானந்தர் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். விவேகானந்த மேட்டைத் தாண்டி நாளுக்கு இரண்டு தடவை நடக்கும் எங்களுக்கு, சுவாமிகள் வந்த வருடம் தெரியும், அதே வருடத்துச் சட்டம் தெரியாது. பொன்னம்பலவாணேசர் கோயிலை சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டி முடித்தது 1912இல். அதற்கு இரண்டாம் வருடம், 1914 ஜனவரியில், கொழும்பில் பிளேக் வெளிப்பட்டது. புறக்கோட்டையின் அரிசிக் கிட்டங்கிகளில் எலி பெருகி, செத்த எலியின் தெள்ளு மனிதரைக் கடித்துப் பரவிய நோய் அது. அந்தக் கிட்டங்கிகளில் மூட்டை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தக் கதை சொல்லக் கேட்டிருக்கிறீர்கள்?

ஆடிவேல் விழாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1870களில் கதிர்காம யாத்திரையால் வாந்திபேதி பரவுகிறதென்று அரசாங்கம் யாத்திரையைத் தடுத்தபோது, போகமுடியாத அடியார்கள் கொழும்பிலேயே முருகனை எழுந்தருளச் செய்ததில்தான் வேல் விழா தொடங்கியதென்று செட்டியார் தெருவில் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் போவதைப் பார்த்து அரோகரா சொல்லும்போது, அது ஒரு தொற்றுநோய்க் காலத்தில் பிறந்த விழா என்று எனக்கு உறைத்ததேயில்லை. 2020இல் எமது ஒழுங்கையிலிருந்து வழமையாகப் பாதயாத்திரை போகும் ஆறு பேரும் வீட்டில் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் தொலைபேசியில் அழுதார். அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ எங்கட ஆக்களும் இப்படித்தான் நிண்டிருக்கினம்" என்றார்.

இதற்குத்தான் ரீலோட். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களைத் தொலைபேசியில் பிடித்து அவர்கள் கேட்டறிந்ததை எழுதினேன். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒரு அம்மா, தன் பாட்டி, இலங்கைக்கு வருவோரைத் தொற்றுக்காகத் தடுத்து வைத்த இந்தியக் கரையின் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டதையும், உடுப்பை அவித்துக் கொடுத்ததையும், அம்மைக்குக் குத்தியதையும் சொன்னார். இன்னொருவர் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிய நாட்களைச் சொன்னார். அவர் ஜனவரியில் காலமாகிவிட்டார். அவர் சொன்னது இப்போது அந்தக் கொப்பியில் மட்டுமே இருக்கிறது.

நவம்பரில் எங்கள் வீட்டுக் கதவிலும் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பதினான்கு நாள். எதிர் வீட்டுச் சகோதரி நாளும் கேற்றில் சோற்றுப் பார்சல் தொங்கவிட்டுப் போனார். அறிவித்தல் ஒட்டிய வீட்டை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உள்ளிருந்து பார்த்தேன். சிலர் தெருவின் மறுபக்கமாக நடந்தார்கள். அதையும் எழுதியிருக்கிறேன், பெயர் குறிப்பிடவில்லை.

எமது அங்கத்தவர் ஒருவரின் வாப்பா டிசம்பரில் தொற்றால் மௌத்தானார். தொற்றால் இறந்தவர்கள் எல்லோரையும் தகனமே செய்ய வேண்டுமென்று அன்றிருந்த விதிப்படி, முஸ்லிமான அவரும் தகனம் செய்யப்பட்டார். மகன் சாம்பலைப் பொறுப்பேற்கவில்லை. பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியதாகச் செய்தி வந்த அன்று அவர் வாசிகசாலைக்கு வந்து பத்திரிகையை வாசித்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் போனார். சங்கம் அவருக்கு ஓர் அனுதாபத் தீர்மானம்கூட எழுதியனுப்பவில்லை. கூட்டத்துக்கு ஆட்கள் சேரவில்லை என்பதே காரணம். இன்று முதல் வேலையாக அதை நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாக, வரவு முந்திய வருடத்தின் பாதியளவும் இல்லை. நிவாரணத்துக்கென வந்தது நிவாரணத்துக்கே முடிந்தது. ஒன்றிரண்டைத் தவிரப் பற்றுச்சீட்டுகள் கோவையில் உள்ளன. இல்லாத அந்த ஒன்றிரண்டும் லொறியில் மரக்கறி வாங்கியவை, லொறிக்காரர் துண்டு தருவதில்லை. மின்கட்டணம் இரண்டு மாதம் நிலுவை.

சந்தா மாதம் நூறு ரூபாய். நாட்கூலிக்காரரிடம் இவ்வருடம் கேட்பதில்லை என்று குழு தீர்மானித்தது. ஆயினும் நாட்டாமி வேலை செய்யும் அங்கத்தவர் ஒருவர் டிசம்பரில் வந்து, ஆறு மாதச் சந்தாவைச் சில்லறையாக மேசையில் வைத்தார். வேண்டாமென்றேன், கேட்கவில்லை. ஊரடங்கிலும் மாதச் சம்பளம் தவறாது வங்கிக்கு வந்த அங்கத்தவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டு மாதமும் பாக்கி. பெயர்ப்பட்டியலை வாசிக்கும்படி சிலர் சொன்னார்கள். நான் வாசிக்கவில்லை. அது பொருளாளரிடம் உள்ளது. வெள்ளவத்தைக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள் அங்கத்துவத்தைத் தொடர விரும்புகிறார்களா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நிவாரணத்துக்கு அரிசி தந்த கடைக்காரர்களுக்கும், அனுமதிப்பத்திரம் எடுத்துத் தந்த கிராம உத்தியோகத்தருக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், தலைவர் அவர்களுக்கும், குழுவினருக்கும், அந்த ஏழு பேருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் வருடத்துக்கு நான் மீண்டும் செயலாளராக இருப்பேனா என்பது சபையின் முடிவு. இளையவர் ஒருவர் முன்வந்தால் திறப்பையும் கோவைகளையும் சந்தோஷமாக ஒப்படைப்பேன். கொப்பிகளை மட்டும் ஒப்படைக்குமுன் தட்டச்சு செய்துவிட விரும்புகிறேன், அதற்கு ஒரு பழைய மடிக்கணினி கிடைத்தாலும் போதும். மூன்றாவது கொப்பியில் பாதிப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில் பழைய கடிதமோ, படமோ, மண்டபம் முகாம் துண்டோ, கோயில் விளம்பரமோ இருந்தால் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவேன். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்கு வாசிகசாலை திறந்திருக்கும், நான் இருப்பேன்.

இங்ஙனம்,
கௌரவ செயலாளர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13