வரும் அறிஞருக்கு எந்த விசா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் பத்து நாள் பயணமாக நம் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, இரண்டு சொற்பொழிவு ஆற்றி, நூலகத்தில் நான்கு ஓலைச்சுவடிகளைப் பார்த்துவிட்டு, போகிற வழியில் பெரிய கோயிலையும் கும்பிட்டுத் திரும்புகிறார் என்றால், அவர் எந்த விசாவில் வர வேண்டும்? முப்பது ஆண்டுகள் வரலாற்றுத் துறையில் பணியாற்றி, அதில் பாதிக்கு மேல் கருத்தரங்க ஒருங்கிணைப்பாளர் என்ற சுமையையும் சுமந்தவன் நான். இந்தக் கேள்விக்கு இரண்டு அலுவலகங்களில் ஒரே பதிலை ஒருநாளும் கேட்டதில்லை.

கருத்தரங்கில் பேச மாநாட்டு விசா, ஆய்வுக்கு ஆய்வு விசா, ஊர் சுற்றிப் பார்க்கவும் நண்பர்களைச் சந்திக்கவும் சுற்றுலா விசா என்று விதி பிரித்து வைத்திருக்கிறது. மத்திய அரசு 2015இல் தொடங்கிய ‘கியான்’ திட்டத்தின்கீழ் நம் உயர்கல்வி நிறுவனங்களில் பாடம் நடத்த வருபவருக்கோ, இணையவழி விசாவில் வணிக விசா என்ற தலைப்பின்கீழ்தான் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சோழர் கால நிலவரியைப் பற்றிப் பாடம் எடுக்க வருபவரும் தையல் இயந்திரம் விற்க வருபவரும் ஒரே வரிசை! மேலே நான் சொன்ன பத்து நாள் பயணத்திலோ இந்த வேலைகள் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. காலையில் பேசியவர் மாலையில் சுவடி பார்த்தால் அது ஆய்வா, இல்லையா என்று யார் வரையறுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திய இரண்டு நாள் கருத்தரங்குக்கு, தமிழ்க் கல்வெட்டுகளில் நல்ல பயிற்சியுள்ள ஐரோப்பியப் பேராசிரியை ஒருவரை அழைத்திருந்தோம். பன்னாட்டுக் கருத்தரங்குக்கு வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்புதல் தேவை என்பதால், ஐந்து மாதம் முன்பே கோப்பு அனுப்பினேன். அது பதிவாளர் அலுவலகத்திலேயே ஏழு வாரம் தங்கியது. ஒப்புதல் கைக்கு வந்தபோது கருத்தரங்கு முடிந்து, பந்தலுக்குப் பணமும் கொடுத்தாகிவிட்டது. அந்த அம்மையாரோ கோயில்களைப் பார்க்க ஏற்கெனவே எடுத்திருந்த சுற்றுலா விசாவில் வந்து சேர்ந்திருந்தார். மேடை ஏற வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டிய நிலை எனக்கு. அவர் கடைசி வரிசையில் அமர்ந்துகொண்டார். அவருடைய கட்டுரையை முதுகலை மாணவர் ஒருவர் வாசித்தார். நில அளவைப் பகுதியில் ‘முந்திரிகை’ என்ற சொல் வந்ததும், அது என்ன என்று அவையில் ஒருவர் கேட்க, மாணவர் திணறினார். அம்மையார் ஒரு துண்டுச் சீட்டில் ‘320இல் ஒரு பங்கு’ என்று தமிழிலேயே எழுதி, கைமாற்றிக் கைமாற்றி முன்னால் அனுப்பினார். தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து, “இந்தச் சீட்டு அனுப்பியது சொற்பொழிவில் சேருமா, ஐயா?” என்றார். நான் சிரித்தேனே தவிர, பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்களுக்கு இது சிரிப்போடு முடிந்தது. எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. லண்டனைச் சேர்ந்த இந்தி இலக்கிய அறிஞர் பிரான்செஸ்கா ஓர்சினி, செல்லத்தக்க விசா கையில் இருந்தும், 2025 அக்டோபரில் தில்லி விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். முந்தைய பயணத்தில் விசா நிபந்தனைகளை மீறினார் என்று பின்னர் அரசு வட்டாரங்கள் தெரிவித்ததாகச் செய்திகள் வந்தன. கேரளச் சமூகத்தைப் பல்லாண்டுகள் ஆய்ந்த மானிடவியலாளர் பிலிப்போ ஓசெல்லா 2022 மார்ச்சில் திருவனந்தபுரத்திலிருந்து அவ்வாறே திருப்பப்பட்டார். தமிழுக்கும் இந்த வடு பழையது. 1995இல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கைத் தமிழறிஞர் சிலர் மாநாட்டில் கலந்துகொள்ள விடாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்த மாநாட்டை நடத்திய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் நொபொரு கராஷிமா என்ற ஜப்பானியர். 1960களில் மாணவராகச் சென்னைக்கு வந்து கல்வெட்டியல் கற்று, சோழர் வரலாற்றுக்கே புது வழி காட்டியவர். ஜப்பானியர் தலைமை தாங்கிய தமிழ் மாநாட்டில் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு நாற்காலி இல்லை.

நாட்டுக்குள் வருபவர் யார், எதற்கு வருகிறார் என்று அரசு கேட்பதில் எனக்குக் குறை இல்லை. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் 14 நாளுக்குள் பதிவு செய்துகொள்வதும், தங்கவைத்தவர் 24 மணி நேரத்துக்குள், முன்பு ‘சி’ படிவம் என்றிருந்த தங்கல் விவரப் படிவத்தை அனுப்புவதும் செய்யக்கூடிய காரியங்களே. எங்கள் விருந்தினர் இல்லத்துக் காப்பாளருக்கு அந்தப் படிவம் மனப்பாடம். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களை நீக்கி ஒன்றாக்கியிருக்கிறது. சட்டத்தையே ஒன்றாக்கியவர்களுக்கு, அறிஞர்களுக்கான விசாவையும் ஒழுங்காக்குவது பெரிய வேலையாக இருக்காது.

அமெரிக்காவின் விசா கெடுபிடியை நம் பிள்ளைகள் நன்கறிவார்கள். அங்கும்கூட, ஜே-1 என்ற கல்விப் பரிமாற்ற விசாவில் ‘குறுகிய கால அறிஞர்’ என்று ஆறு மாதம் வரையிலான தனிப் பிரிவு உண்டு. அதற்கான படிவத்தை, அழைக்கும் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பொறுப்பேற்ற அலுவலர் வழங்குகிறார். பேசுவதும் படிப்பதும் கலந்துரையாடுவதும் அந்த ஒரே விசாவுக்குள் அடங்கிவிடுகின்றன. நம்மிடமும் அப்படி ஒன்று, மூன்று மாதத்துக்காவது வேண்டும். நூலகத்தில் சுவடி பார்ப்பது அதில் அடங்கும் என்று எழுத்திலேயே இருக்க வேண்டும். சரஸ்வதி மகாலையும் உ.வே.சா. நூலகத்தையும் ரோஜா முத்தையா நூலகத்தையும் தேடி வருபவர்கள், பெரும்பாலும் அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

இன்னொன்று, அனுமதி மறுப்பதானால் விண்ணப்ப நிலையிலேயே, காரணத்தை எழுதி மறுக்கலாம். விசாவைக் கொடுத்துவிட்டு, பதினொரு மணி நேரம் பறந்து வந்தவரை நள்ளிரவில் வந்த விமானத்திலேயே ஏற்றி அனுப்புவதில் எந்தப் பாதுகாப்பு கூடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம் தமிழ்ப் பேராசிரியர்களுக்கும் சிக்கல் இருக்கிறது. இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு வழங்கும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் ஆய்வு செய்ய வேண்டுமானால் சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்று 2021 மார்ச் 4ஆம் நாள் அறிவிக்கை சொல்கிறது. சொந்த ஊர்க் கோயில் கல்வெட்டைப் படியெடுக்க, அந்த ஊரில் பிறந்தவரே அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்கிறார்.

தில்லி செய்யும்வரை நம் பல்கலைக்கழகங்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. அழைப்புக் கடிதம், ஒப்புதல், விசா வகை ஆகிய மூன்றையும் தெரிந்த ஓர் அலுவலரை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அமர்த்தி, அவருடைய தொலைபேசி எண்ணை அழைப்பிதழிலேயே அச்சிடட்டும். எங்கள் கோப்பு ஏழு வாரம் தூங்கியது அமைச்சகத்தில் அல்ல. என் அறையிலிருந்து இரண்டு மாடி கீழே.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்,
கும்பகோணம்.