மம்பட்டியால் நாலு புரட்டு புரட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கால்நடைப் பக்கத்தில் வீட்டிலேயே கோழித் தீவனம் தயாரிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மக்காச்சோளம் இவ்வளவு, சோயா புண்ணாக்கு இவ்வளவு, தவிடு, கருவாட்டுத் தூள், தாது உப்பு, சாதா உப்பு என்று எல்லாவற்றுக்கும் கிராம் கணக்கில் அளவு கொடுத்து, கட்டமெல்லாம் போட்டு, கடைசி வரியில் 'அனைத்தையும் தார்ப்பாயில் கொட்டி மம்பட்டியால் நாலு புரட்டு புரட்டினால் போதும், செலவு பாதியாகும்' என்று முடித்திருந்தீர்கள். எழுதியவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அச்சுக்குப் போகும் முன் நீங்கள் படித்திருப்பீர்கள்தானே, உங்களுக்குத் தெரியாததா என்ன.

உசிலம்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு தீவன மில் நடத்துகிறேன். தானியத்தை அரைக்கிற ஹேமர் மில் ஒன்று, நடுவில் திருகு சுற்றித் தீவனத்தை மேலே தூக்கிக் கலக்குகிற, அரை டன் பிடிக்கிற செங்குத்து மிக்ஸர் ஒன்று, அவ்வளவுதான் சொத்து. சுற்று வட்டாரத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் சரக்கைக் கொண்டு வந்து அரைத்துக் கலந்து வாங்கிப் போவார்கள். உங்கள் கட்டுரை வந்த வாரமே ரெண்டு பேர் வந்து, அரைத்து மட்டும் கொடுங்கக்கா, கலக்குறத நாங்களே வீட்டுல பாத்துக்கிறோம் என்று மூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குக் கூலி போச்சே என்று எழுதுவதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். வைட்டமின் பிரிமிக்ஸ், அதாவது வைட்டமின்களைச் சேர்த்து வருகிற தூள், ஒரு டன்னுக்கு அரை கிலோ போடச் சொல்லியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர், சரியான அளவுதான். அப்படியென்றால் 1 கிலோ தீவனத்தில் அரை கிராம். பொரித்து வந்த குஞ்சு முதல் நாளில் தின்பதே பத்துப் பன்னிரண்டு கிராம். அந்தப் பன்னிரண்டு கிராமுக்குள் 6 மில்லிகிராம் பிரிமிக்ஸ் இருந்தாக வேண்டும், ஒரு குஞ்சுக்கு இல்லை, ஷெட்டில் இருக்கிற ஒவ்வொரு குஞ்சுக்கும், ஒவ்வொரு நாளும். பொங்கலில் முந்திரி மாதிரி ஒரு மூலையில் கிடந்தால் எடுத்துத் தின்றுகொள்ளட்டும் என்று விட முடியுமா? மம்பட்டி நாலு புரட்டில் இதைச் செய்துவிடும் என்றால், ஆயிரம் ஆயிரமாகக் கொட்டி மிக்ஸர் வாங்கி வைத்திருக்கிற நாங்களெல்லாம் முட்டாள்கள்.

பேரையூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் இதே போல ஏதோ பார்த்துவிட்டு வீட்டில் கலந்தார். குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிற புருடரில் இருந்தவற்றில் ஒரு பக்கத்துக் குஞ்சுகள் மட்டும் தண்ணீர்ப் பானையை விட்டு நகரவே இல்லை, கீழே போட்டிருந்த உமியெல்லாம் சதசதவென்று நனைந்துபோய், அப்புறம் சாவு தொடங்கிவிட்டது. சீக்கு என்று நினைத்து மருந்துக் கடைக்கு அலைந்திருக்கிறார். கடைசியில் தீவன மூடைகளை என்னிடம் கொண்டுவந்தார். ஒவ்வொரு மூடையிலும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். ஒன்றில் உப்பே தெரியவில்லை, இன்னொன்றை வாயில் வைத்ததும் துப்பிவிட்டேன். அந்தத் தம்பி போட்ட உப்பின் மொத்த அளவில் ஒரு கிராம்கூடத் தப்பில்லை, தராசில் நிறுத்துத்தான் போட்டிருக்கிறார். கால்நடை மருத்துவரும் செத்த குஞ்சை அறுத்துப் பார்த்து உப்பு விஷம் என்றுதான் சொன்னார்.

உப்பாவது நாக்குக்குத் தெரியும். ரத்தக் கழிச்சலுக்குத் தீவனத்தில் போடுகிற மருந்துகளை என்ன செய்வீர்கள்? சாலினோமைசின் ஒரு டன்னுக்கு 60 கிராம், மதுராமைசின் என்றால் வெறும் 5 கிராம். தேவைப்படுகிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் கொஞ்சம். கட்டியாக ஒரு இடத்தில் நின்றுவிட்டால் அதைத் தின்ற கோழி கால் இழுத்துக்கொண்டு விழும், மருந்து போய்ச் சேராத பக்கத்துக் கோழி ரத்தமாகக் கழியும். ஒரே ஷெட்டில் ரெண்டும் நடக்கும். நீங்கள் அந்தப் பக்கத்தில் மருந்துப் பெயரையும் போட்டுவிட்டு மம்பட்டியையும் போட்டிருக்கிறீர்கள்.

கையால் கலக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐம்பது கோழி வைத்திருக்கிறவர் எங்கே போவார். ஆனால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. பிரிமிக்ஸ், மெத்தியோனின் என்கிற அமினோ அமிலம், உப்பு போன்ற சில்லறைச் சாமான்களை முதலில் ஒரு கிலோ மக்காச்சோள மாவோடு கலக்க வேண்டும். அதை ஐந்து கிலோவோடு, அந்த ஐந்தை இருபத்தைந்தோடு, அப்படியே படிப்படியாகப் பெருக்கிப் பிறகுதான் பெரிய குவியலில் சேர்க்க வேண்டும். குவியலையும் நின்ற இடத்திலேயே கிண்டக் கூடாது, ஒரு இடத்திலிருந்து அள்ளி அடுத்த இடத்தில் உச்சியில் கொட்டிக் கொட்டிப் புதுக் குவியலாக மாற்ற வேண்டும், அதையும் பல தடவை. மக்காச்சோளத்தை எந்தச் சல்லடையில் அரைத்தோம் என்பதும் முக்கியம். பெருங்குருணையும் மாவும் சேர்ந்தால் எப்படிக் கலந்தாலும் குருணை வெளியே உருண்டு ஓடும், மாவு நடுவில் தங்கும்.

மிக்ஸர் இருந்தாலும் சும்மா இல்லை. படுக்கைவாட்டில் நாடா மாதிரித் தகடு சுற்றுகிற ரிப்பன் மிக்ஸரில் மூணு முதல் ஐந்து நிமிடம் போதும், எங்களுடையது போன்ற செங்குத்து மிக்ஸருக்குக் கடைசிச் சாமான் விழுந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட வேண்டும். அதற்குள் 'போதும்க்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்பார்கள். அரை டன் மிக்ஸரில் அறுநூறு கிலோ போடச் சொல்லுவார்கள், நிரம்பி வழிந்தால் மேலே கிடப்பது மேலேயே கிடக்கும், சுற்றி வராது. திருகின் அடியில் எப்போதும் கொஞ்சம் கலக்காமல் தங்கும், அதனால் முதலில் இறங்குகிற மூடையைத் திரும்ப மேலே கொட்டித்தான் ஓட்டுவேன். எண்ணெய் சேர்ப்பதாக இருந்தால் உலர்ந்த சாமானெல்லாம் கலந்து முடிந்த பிறகுதான், முதலிலேயே ஊற்றினால் பிரிமிக்ஸ் கட்டி கட்டியாக உருண்டுவிடும். இவ்வளவும் செய்து அனுப்பினால் எங்கள் ஊர் ரோட்டில் குட்டி யானை வண்டி குதித்துக் குதித்துப் போய்ச் சேர்வதற்குள் கிளிஞ்சல் தூள் அடியில் இறங்கிவிடும் என்பது வேறு கதை.

இதில் நடுவில் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். முழு லோடோடு மிக்ஸர் நின்றுவிட்டால் திரும்ப அப்படியே போட முடியாது, மோட்டார் போய்விடும், பாதியை இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். 2022 செப்டம்பரில் மின் கட்டணத்தை உயர்த்தியபோது எங்களைப் போன்ற சின்ன மில்லுகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று எழுதுங்கள் என்று ஒரு கடிதம் போட்டேன். வரவில்லை. 2021-இல் சோயா புண்ணாக்கு விலை ஏறி, மத்திய அரசு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி கொடுக்கிற அளவுக்குப் போனதே, அப்போது உங்கள் பத்திரிகையில் முட்டை விலை ஏறியது மட்டும்தான் முதல் பக்கச் செய்தி. முட்டை விலை ஏன் ஏறியது என்று ஒரு வரி இல்லை. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது சொல்வதை மட்டும் தவறாமல் போட்டுவிடுகிறீர்கள். ஆயிரக்கணக்கான கோழியைத் தினமும் பிடித்து ஊசி போட ஆள் எங்கே கிடைக்கும் என்று கேட்கக்கூட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. இனப்பெருக்கத் தேர்வும் தீவனமும்தான் அந்த வளர்ச்சிக்குக் காரணம் என்பது கால்நடைக் கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டாலே தெரியும்.

மகளிர் தினத்துக்கு உங்கள் நிருபர் வந்தது நினைவிருக்கிறதா? மிக்ஸர் பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார். வீட்டு வேலையையும் இதையும் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார், ஓனர் சார் வெளியே போயிருக்காரா என்றும் கேட்டார். இதழில் 'கணவரின் மாவு மில்லில் உதவும் பெண்மணி' என்று வந்தது. மில் உரிமம் என் பேரில் இருக்கிறது, மாவு நாங்கள் அரைப்பதும் இல்லை. அதைத் திருத்திப் போடச் சொல்லி எழுதியதற்கும் பதில் இல்லை. போகட்டும், பெரிய மனிதர்களுக்கு ஆயிரம் வேலை.

செலவு பாதியாகும் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோழி வளர்ப்பில் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனத்தில் பெரும் பங்கு மக்காச்சோளமும் சோயாவும். எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை எடுக்க ஆரம்பித்த பிறகு அது என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். கம்பெனிக்காரர் லாரி லாரியாக வாங்குகிற சரக்கை நாம் சில்லறையில் மூடை மூடையாக வாங்கிவிட்டுப் பாதி விலையில் தீவனம் எப்படிச் செய்வது? கொஞ்சம் மிச்சமாகும், அதை நான் மறுக்கவில்லை. அந்த மிச்சமும் செத்த குஞ்சுக் கணக்கில் போய்விடும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். சில்லறைச் சாமான்களைப் படிப்படியாகப் பெருக்கிக் கலக்க வேண்டும், மருந்து சேர்த்த தீவனத்தை மம்பட்டியால் கலக்கவே கூடாது, இந்த ரெண்டு விஷயம் இருந்தால் போதும். கலவை சரியா என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஒரே கலவையில் பத்து இடத்தில் மாதிரி எடுத்து உப்பின் அளவைச் சோதிக்கலாம், பத்துக்கும் இடையே ஏற்ற இறக்கம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல கலவை என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவனச் சோதனைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஆய்வகம் இருக்கிறது, யோசனை கேட்க அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் திருப்பரங்குன்றத்திலேயே கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம் இருக்கிறது. உங்கள் கட்டுரையாளரும் ஒரு நடை அங்கே போய்வரலாம்.

பக்கத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ராசிபலனை ஒரு வாரம் நாலு வரி குறைத்தால் இடம் வந்துவிடும்.

இப்படிக்கு,
தீவன மில் உரிமையாளர் (உதவும் பெண்மணி அல்ல),
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.