தேநீர்க் கடை நிறுவனம் கட்டிய கணினி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகக் கணினிகளின் வளர்ச்சி பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, இயந்திரங்களின் உருவம் சுருங்கி வேகம் பெருகிய வரலாற்றைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆயினும், வணிகக் கணினியின் தொடக்கத்தைச் சொல்லும் இடத்தில் லண்டன் லயன்ஸ் நிறுவனத்தின் பெயரே இல்லாதது ஒரு குறை. கேக்கும் தேநீரும் விற்றுவந்த அந்த நிறுவனம்தான், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியை முன்மாதிரியாகக் கொண்டு 'லியோ'வை உருவாக்கி, 1951 நவம்பரில் தன் அடுமனைக் கணக்கை வாரந்தோறும் அதில் போடத் தொடங்கியது.

அக்காலக் கணினிகளின் மின்னணு உறுப்புகளான வெற்றிடக் குழல்கள் ஏறத்தாழ 6,000 கொண்டு ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நின்ற லியோவின் நினைவகம் பாதரசக் குழாய்களால் ஆனது. இன்று கைப்பேசியில் அனுப்பும் ஒரு படத்துக்குக்கூட அது போதாது. இருந்தும், தேர்ந்த எழுத்தர் ஒருவர் எட்டு நிமிடத்தில் போட்ட ஓர் ஊழியரின் சம்பளக் கணக்கை அது ஒன்றரை விநாடியில் முடித்தது.

வேகத்தைவிட வியப்பளிப்பது, தேநீர்க் கடைகளுக்காக 1954இல் அவர்கள் வகுத்த ஏற்பாடு. ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக வழக்கமான தேவைப்பட்டியல் முன்கூட்டியே பதிவாகியிருக்கும். கடையின் மேலாளர் பிற்பகலில் தொலைபேசியில் மாற்றங்களை மட்டும் சொன்னால் போதும். தலைமையகத்தில் அதைக் கேட்டபடியே அட்டையில் துளையிட்டுக் கணினிக்குக் கொடுப்பார்கள். எதைக் கணினிக்குச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை என்று இவ்வளவு நுட்பமாகப் பிரிக்க முடிந்ததற்குக் காரணம், ஜான் சிம்மன்ஸ் தலைமையில் அந்நிறுவனம் 1930களிலிருந்தே தன் அலுவலக நடைமுறைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து திருத்திவந்ததுதான்.

முதலில் பணியை ஆராய்ந்து, பிறகு அதற்கேற்பக் கணினியைப் பயன்படுத்திய இந்த வரிசை, கணினி மலிவான பிறகு தலைகீழாகிவிட்டது என்பது என் கருத்து. இன்று ஆயத்த மென்பொருளை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்பக் கடையின் வழக்கத்தை மாற்றுகிறோம். ரசீதில் ஒரு பத்தி கூடுதலாகக் கேட்டால், "சிஸ்டத்தில் அதற்கு இடமில்லை" என்ற பதில்தான் கிடைக்கிறது.

எனவே, தாங்கள் இப்பொருள் பற்றி மீண்டும் எழுதும்போது, சிம்மன்ஸ், அவருடன் லயன்ஸில் பணியாற்றிய டேவிட் கேமினர் முதலியோர் அலுவலகப் பணியைப் பகுத்தாய்ந்த முறைக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை