பாப்பாவுக்கு, விடியற்காலை 5 மணி அறிவிப்புக்குப் பிறகு

பினாங்கு
9.10.2024, புதன், காலை மணி 6.10

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டி வலி பழையபடிதான், தைலம் தேய்த்துக்கொண்டு பசாருக்கு நடக்கிறாள். நிபோங் திபால் சித்தப்பா வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடுகிறது. மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன். கையால் எழுதினால்தான் எனக்கு வரும், தெரியுமே. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்புகிறேன். அவசரமாக இருந்தாலும் கடைசிப் பக்கம் வரை படி.

5 மணிப் புயல் அறிவிப்பைப் பார்த்தாயா? புளோரிடாவில் உங்களுக்கு அது செவ்வாய் மாலை 5 மணி. உனக்கும் எனக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் இருப்பது இந்த நாலு நாளாக எனக்கு உதவியாக இருக்கிறது. கடிகாரத்தில் அதே முள், வெளியே மட்டும் இரவு பகல் மாறியிருக்கும். மயாமியில் இருக்கிற புயல் மையம் 5 மணிக்கும் 11 மணிக்கும் அறிவிப்பு விடுகிறது. கரையை நெருங்க நெருங்க நடுவில் 2 மணிக்கும் 8 மணிக்கும் விடுகிறது. எல்லாவற்றையும் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். சனிக்கிழமை மில்டன் என்று பெயர் வைத்தார்கள். திங்கட்கிழமை ஒரே நாளில் ஒன்றாம் நிலையிலிருந்து உச்சமான ஐந்தாம் நிலைக்கு ஏறியது. அன்றைக்கு ராத்திரி உங்கள் 8 மணிக்கு, நடுவில் காற்றழுத்தம் 897 மில்லிபார். அந்த எண்ணை எழுதும்போது தப்பாகப் படிக்கிறேனோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். ஃபெர்ரியில் 31 வருஷம் வேலை செய்தேன், ஃபெர்ரியை ஓட்டும் செராங்கின் அறையில் இருந்த காற்றழுத்த மானியில் முள் 1005-க்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

நேற்று கொஞ்சம் தணிந்து நான்காம் நிலைக்கு வந்தது, அம்மா விளக்கேற்றினாள். இன்று விடியற்காலை மறுபடியும் ஐந்து. மணிக்கு 165 மைல், நம் கணக்கில் 265 கிலோமீட்டர். கரை ஏறுவதற்குள் தணியும் என்கிறார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. காற்று தணிந்தாலும் புயல் அகலமாகும் என்றும் அதே அறிவிப்பில் இருக்கிறது. இரண்டு நாளாக அது தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர், காற்று தணிந்தது என்பதற்காகத் திரும்பிப் போகாது. தம்பா விரிகுடாப் பக்கம் 10 அடி முதல் 15 அடி வரை ஏறலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீ திங்கட்கிழமை அனுப்பிய ஒரு வரி இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. "இங்க ஒண்ணும் இல்லப்பா, நீங்க தூங்குங்க." அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. நீல டிக் மட்டும் விழுகிறது. பார்க்கிறாய் என்று அதைக்கொண்டு தெரிந்துகொள்கிறேன்.

2022-ல் இயான் புயல் வந்தபோது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. தம்பாவுக்குத்தான் வரும் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் தெற்கே ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் போய்விட்டது, உங்கள் விரிகுடாவில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது, அதில் ஆட்கள் நடந்து போன படம் அனுப்பினாய். "பாத்தீங்களாப்பா, சும்மா பயமுறுத்துறாங்க" என்றாய். நானும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் ஃபோர்ட் மையர்ஸ் செய்தியைப் படித்தேன். அங்கே இருந்தவர்களும் கோடு தம்பாவுக்குப் போகிறது என்று நம்பித்தான் வீட்டில் இருந்தார்கள். அந்த மாவட்டத்தில் வெளியேறச் சொன்னதே முந்தின நாள்தான். புளோரிடா முழுக்க நூற்றுக்கும் மேல் உயிர் போயிற்று.

அந்த வெள்ளைக் கூம்புப் படத்தை நீ எப்படிப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. நான் முதலில் தப்பாகத்தான் பார்த்தேன். கூம்புக்குள் இருந்தால் ஆபத்து, வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று நினைத்தேன். அது புயலின் நடுப்புள்ளி எங்கே போகலாம் என்பதை மட்டும்தான் காட்டுகிறது. அதுவும் மூன்றில் இரண்டு தடவைதான் அதற்குள் நிற்கும். மூன்றாவது தடவை வெளியே போய்விடும். காற்றும் தண்ணீரும் அந்தக் கூம்புக்குக் கட்டுப்பட்டவை கிடையாது. போன மாதம் ஹெலீன் புயல் போகவில்லையா? அதன் கண் உன்னை 100 மைலுக்கு அப்பால் தாண்டித்தான் போனது. அப்படியும் உன் தெருவில் மெத்தையும் குளிர்பெட்டியும் வெளியே கிடந்தன.

ஒரு நாள் முன்னால் சொல்கிற இடத்திலேயே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தவறு வரும். ஜார்ஜ்டவுனுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். உன் விரிகுடா வாய்க்கு அந்த 50 கிலோமீட்டர்தான் எல்லாமே. கண் வாய்க்குத் தெற்கே கரை ஏறினால் உன் பக்கம் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், இயானில் நடந்த மாதிரி தண்ணீர் வற்றும். வடக்கே ஏறினால் கடலை அப்படியே அள்ளி விரிகுடாவுக்குள் தள்ளும். நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றி, விரலை இடது பக்கமாகச் சுற்றி அம்மாவுக்குக் காட்டினேன். தட்டின் ஓரத்தில் எந்தப் பக்கம் விரல் போகிறதோ அதைப் பொறுத்துத் தண்ணீர் ஏறியது, இறங்கியது. அம்மா பார்த்துவிட்டு, "ரெண்டுல எதுன்னு அவங்களுக்கே தெரியாதுன்னா பிள்ளை ஏன் அங்க இருக்கணும்?" என்று கேட்டாள். அதற்குமேல் நான் எழுத ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் பழைய வீடு வெளியேற்ற மண்டலங்களில் டி என்று வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன். உங்கள் பினெல்லாஸ் மாவட்டத்தில் ஏ, பி, சி மண்டலக்காரர்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று திங்கட்கிழமையே ஆணை வந்துவிட்டது. டி-க்கு இல்லை. அதனால் அந்த வீட்டுக்கு மட்டுமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன்.

ஆகஸ்டில் அம்மா அனுப்பிய பொட்டலம் திரும்பி வந்துவிட்டது, பாப்பா. மோர்மிளகாயும் வடகமும் வைத்து அனுப்பியது. அந்த முகவரியில் ஆள் இல்லை என்று ஒட்டியிருந்தார்கள். நீ வேலையாக இருந்திருப்பாய் என்று அம்மாவிடம் சொல்லிப் பரணில் வைத்துவிட்டேன். தீபாவளிக்குத் திரும்ப அனுப்பவேண்டும், அதற்காகச் சரியான முகவரியை மட்டும் எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஹெலீன் முடிந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். இளைத்திருக்கிறாய். உன் பின்னால் மூன்று படி, படிக்குக் கீழே தகரப் பாவாடை. சுவருக்கு அடியிலிருந்து ஒரு இரும்புப் பட்டை இறங்கி மண்ணுக்குள் போகிறது. ஃபெர்ரியில் லோரியைக் கட்டுகிற பட்டை மாதிரி. அது எதற்கு என்று கயிறும் சங்கிலியும் பிடித்த கைக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தரையில் நிற்காத வீட்டைத்தான் அப்படிக் கட்டுவார்கள். படியில் உன் நீலச் செருப்பு மட்டும் இருந்தது. தேய்ந்து போயிருக்கிறது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்.

அந்த ஆணையில் கடைசி வரியைப் படி. மொபைல் வீட்டில், அதாவது இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிற வீட்டில், இருப்பவர்கள் எந்த மண்டலமாக இருந்தாலும் வெளியேற வேண்டும். எந்த மண்டலமாக இருந்தாலும். தண்ணீர் வராத மேடாகவே இருக்கட்டும், காற்றுக்கு அந்தச் சுவர் நிற்காது.

யாரோடு இருக்கிறாய், ஏன் அங்கே போனாய் என்று அப்பா கேட்கவில்லை. நம் தாமான் குடியிருப்பில் வெளிநாடு போய்ப் படித்த முதல் பெண் நீ. கடனை நீயே கட்டி முடித்தாய். எனக்குக் கண் அறுவைக்கு நீ அனுப்பிய பணத்தில்தான் இன்று இந்த எண்களைப் படிக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அப்பாவிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று ஒரு நேரம் கோபம் வருகிறது. அடுத்த நேரம், இவள் சொல்லும்படி நாம் நடந்துகொண்டோமா என்று தோன்றுகிறது.

விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், காரில்தான் போக வேண்டும். நிறையப் பெட்ரோல் நிலையங்களில் எண்ணெய் தீர்ந்துவிட்டதாம். அரை டேங்க் இருந்தாலும் போதும். நூற்றுக்கணக்கான மைல் ஓடத் தேவையில்லை, பத்து இருபது மைல் உள்ளே மேட்டுக்குப் போனால் போதும் என்று உங்கள் ஆட்களே சொல்கிறார்கள். முடியாவிட்டால் பள்ளிக்கூடங்களைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அங்கே போ. வெட்கப்படாதே. உன் ஊரும் நம் தீவு மாதிரி பாலத்தை நம்பி இருக்கிற ஊர். காற்று ஏறினால் பெரிய பாலத்தை மூடிவிடுவார்கள், அப்புறம் மனசு மாறினாலும் வழி இருக்காது. கடப்பிதழ், மருந்து, மஞ்சள் பை. மஞ்சள் பையை மறக்காதே.

நீ அனுப்பிய அந்த ஒரு வரியை நான் ஏன் நம்பவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏழு வருஷமாக அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. மத்தியானத்திலிருந்து மழை. ராத்திரி 9 மணிக்கு வேணி மாமி மகன் லோரியோடு வாசலில் நின்றான், பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகலாம் என்று. அம்மா துணி எடுத்து வைத்துவிட்டாள். பாட்டிக்கு ஸ்வெட்டர்கூடப் போட்டாயிற்று. நான்தான் வேண்டாம் என்றேன். இன்று பௌர்ணமி, நடுராத்திரியை ஒட்டி ஏற்றம், அதற்குப் பிறகு சுங்கை பினாங்கு ஆறு கடலுக்கு வடியும், மூன்று மணிக்கெல்லாம் தரை தெரியும் என்று கணக்குச் சொன்னேன். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம், இங்கே புயல் சுழலாது, சுமத்ரா காற்று ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும் என்று அந்தப் பையனுக்குப் பாடம் வேறு எடுத்தேன். கடல் ஏற்ற இறக்கம் நான் சொன்னபடிதான் நடந்தது. மழை நிற்கவில்லை. நான் மழையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பாட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் தலையணை போட்டு உட்கார வைத்தேன். கரண்ட் போயிற்று. குளிர்பெட்டி மிதந்து கவிழ்ந்தது. மேசைப் பலகையைத் தண்ணீர் தொட்டது, பிறகு பாட்டியின் சேலையைத் தொட்டது. அந்த நேரத்தில் நீ கூப்பிட்டாய். முகநூலில் பி. ரம்லி சாலையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாய். பாட்டி இருமிக்கொண்டிருந்தாள். உனக்குக் கேட்கக்கூடாது என்று கைப்பேசியை உள்ளங்கையால் மூடினேன். இருமல் நின்றதும் கையை எடுத்துவிட்டுச் சொன்னேன், "இங்க ஒண்ணும் இல்லம்மா, மழை மட்டும்தான், நீ வேலையைப் பாரு." அப்போது தண்ணீர் என் நெஞ்சளவு.

காலையில் படகில் வந்து எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் பாட்டி போனாள். நுரையீரலில் தண்ணீர்க் கிருமி என்று டாக்டர் சொன்னார். உன்னிடம் வயசாகிவிட்டது, தூக்கத்தில் போய்விட்டாள், வர வேண்டாம், டிக்கெட் காசு வீண் என்றேன். நீ அழுதாய். அந்த வெள்ளத்தில் பினாங்கில் ஏழு பேர் இறந்தார்கள் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. பாட்டி அந்த ஏழில் இல்லை. அவளை வீட்டில் வைத்தவன் நான். லோரியைத் திருப்பி அனுப்பியவன் நான்.

எந்தக் குரலில் அதைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், பாப்பா. எழுத்தில் வந்தாலும் தெரியும். உனக்கு அதைப் பழக்கியது நானாகத்தான் இருக்கும்.

இப்போது மணி 7. அம்மா எழுந்துவிட்டாள், கோப்பி கலக்குகிற சத்தம் கேட்கிறது. அந்தப் படத்தை அவளுக்கு இன்னும் காட்டவில்லை. அடுத்தது 8 மணிக்கு வரும், அதற்குப் பிறகு 11. உங்களுக்கு அது ராத்திரி 11, அதற்குமுன் கிளம்பிவிடு. கார் ஓட்டும்போது எழுதாதே. போய்ச் சேர்ந்த இடத்தில் நின்று, சேர்ந்த இடத்தின் பெயரை மட்டும் போடு. நலம் என்று போடாதே, இடத்தின் பெயரைப் போடு, நான் வரைபடத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அறையில் இருந்த தையல் மிஷினைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். கட்டிலில் இப்போது ஒன்றும் இல்லை.

அப்பா