சும்மா இருந்தால் ஓநாய்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. ஒரு மேஜிக் விளையாட்டுக் கார்டுக்காக உன் பெரியவனும் நாத்தனார் மகனும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், அதற்காக நாத்தனாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று படித்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை எல்லாம் பார்த்த குடும்பம் உன்னுடையது. இப்போது ஓநாய் வந்து பஞ்சாயத்தைக் கூட்டியிருக்கிறது.

என்னிடம் கேட்டாயே, அது நல்லதாகப் போயிற்று. அண்ணன் பையன் வேலைக்காகப் புனே போனபோது தன் 'மேஜிக்: தி கேதரிங்' விளையாட்டுக் கார்டுகளை எல்லாம் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி என் பீரோ மேல் ஏற்றிவிட்டுப் போனான். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் சாப்பாட்டு மேஜை அவர்களுடையது. தமிழ், கன்னடம், இந்தி எல்லாம் கலந்து கத்துவார்கள். சண்டை முற்றினால் எல்லாத் தலையும் சமையலறைப் பக்கம் திரும்பும்: "ரூல் ஏனு ஆன்ட்டி?" கணக்கு டீச்சர் என்றால் எல்லா விதியும் தெரியும் என்று நினைப்பு. தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

எனக்கு இதில் பிடிப்பு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டும் கணக்கு ஆள்தான். சேர்வியலில் ஆராய்ச்சி செய்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பட்டமும் இந்த விளையாட்டும் ஒரே வருஷம், 1993. விதிப்புத்தகத்தை அச்செடுத்தால் 200 பக்கத்துக்கும் மேலே போகும். பயப்படாதே, உனக்கு அதில் வேண்டியது அரைப் பக்கம்கூட வராது.

முதலில் உன் வழக்கு. நீ எழுதியது இது. உன் மகனுடைய டர்ன், அதாவது அவன் ஆடும் முறை. அவன் ஒரு லாண்ட் (மானா என்ற சக்தி தரும் நிலக் கார்டு) மட்டும் வைத்துவிட்டு, வேறு எதுவும் போடாமல் முடித்தான். அந்த டர்னுக்குள்ளேயே நாத்தனார் மகன் குறுக்கே புகுந்து ஷாக் என்ற ஸ்பெல்லை (2 அடி கொடுக்கும் மந்திரக் கார்டு) போட்டு ஏதோ ஒரு சின்னப் பிராணியைக் கொன்றான். அடுத்த டர்ன் தொடங்கியதும் உன் மகன் "நான் சும்மா இருந்தேன், இரவாகிவிட்டது, ஓநாய் வரும்" என்கிறான். மற்றவன் "நான்தான் ஸ்பெல் போட்டேனே, எப்படி வரும்?" என்கிறான். நீ இரண்டு கார்டின் பெயரையும் எழுத்துக்கூட்டி எழுதி அனுப்பியது பெரிய புண்ணியம். உன் மகனிடம் இருப்பது டோவலார். மற்றவனிடம் இருப்பது ஹன்ட்மாஸ்டர் ஆஃப் தி ஃபெல்ஸ். தகராறு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இந்த விளையாட்டில் ஓநாய் மனிதர்கள் இரண்டு தலைமுறை. இன்னிஸ்ட்ராட் என்ற தொகுப்பு 2011 செப்டம்பர் 30-ல் வந்தது. (எங்கள் மெட்ரோ முதன்முதலில் ஓடியதும் அதே வருஷம் அக்டோபரில்தான்; அல்சூர் ஸ்டேஷனைப் பார்க்கவே கூட்டம் கூட்டமாகப் போனார்கள்.) இந்த விளையாட்டில் இரண்டு பக்கமும் அச்சடித்த கார்டு முதலில் வந்தது அதில்தான்: முன்பக்கம் மனிதன், பின்பக்கம் ஓநாய். ஹன்ட்மாஸ்டர் அதற்கு அடுத்து 2012 பிப்ரவரியில் வந்த டார்க் அசென்ஷன் கார்டு. அந்தத் தலைமுறைக் கார்டுகளில் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒரே வாசகம்தான்: ஒவ்வொரு அப்கீப்பிலும் (டர்ன் தொடங்கி, கார்டுகளை நிமிர்த்தியதும் வரும் கட்டம்), முந்தைய டர்னில் ஸ்பெல் எதுவும் போடப்படாமல் இருந்தால், இது மாறும். யார் போட்டது என்ற கேள்வியே இல்லை. மேஜையில் யாராவது ஒருவர் ஒன்று போட்டிருந்தால்கூட மனிதன் மனிதனாகவே இருப்பான்.

டோவலார் 2021 செப்டம்பரில் வந்த மிட்நைட் ஹன்ட் தொகுப்பு. அதில் டேபவுண்ட் என்று ஒரு சொல் இருக்கும், பின்பக்கத்தில் நைட்பவுண்ட். இந்தப் புதிய விதி பார்ப்பது ஒரே ஆளை: போன டர்ன் யாருடையதோ அவர் அதில் ஸ்பெல் போட்டாரா? போடவில்லை என்றால் இரவு. எதிரில் இருப்பவர் பத்து போட்டிருந்தாலும் கணக்கில் வராது.

ஆக, உன் வீட்டு மேஜையில் அந்த நிமிஷம் டோவலார் ஓநாயாகிறான், ஹன்ட்மாஸ்டர் மனிதனாகவே நிற்கிறார். இரண்டு பையன்களும் சரி. தத்தம் கார்டை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள், அடுத்தவன் கார்டைத்தான் படிக்கவில்லை. நாத்தனாரிடம் இதை இப்படியே சொல், அவளுக்கும் மனசு குளிரும்.

திரும்ப மனிதனாவதிலும் இதே வித்தியாசம். பழைய கார்டில், முந்தைய டர்னில் ஒரே ஆள் இரண்டோ அதற்கு மேலோ போட்டிருக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று போட்டு இரண்டு என்று கூட்டக் கூடாது. எங்கள் மேஜையில் அடிக்கடி வரும் சண்டை இதுதான். புதிய கார்டில் அந்த இரண்டையும் டர்னுக்குச் சொந்தக்காரரே போட்டிருக்க வேண்டும்.

"போட்டது" என்றால் என்ன என்பதையும் பையன்களிடம் தெளிவாகச் சொல்லிவிடு. போட்ட ஸ்பெல்லை எதிரி கவுன்ட்டர் செய்து (பலிக்காமல் தடுத்து) குப்பைக்கு அனுப்பினாலும் போட்டது போட்டதுதான், எண்ணிக்கையில் சேரும். லாண்ட் வைப்பது ஸ்பெல் ஆகாது. கார்டில் எழுதியிருக்கும் ஒரு திறனை மானா கொடுத்து இயக்குவதும் ஆகாது. ஓநாய் மனிதனையே கையிலிருந்து இறக்குவது மட்டும் ஸ்பெல்தான், அதனால் இறக்கிய அதே டர்ன் சும்மா இருந்த டர்னாக ஆகாது.

இன்னொரு வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஆட்டத்தையே மாற்றிவிடும். பழைய ஓநாய் மாறுவது அப்கீப்பில், ஒரு ட்ரிக்கராக. அதாவது மாறப்போகிறான் என்று எல்லாருக்கும் தெரியும், மாறுவதற்குள் பதில் கொடுக்க இடம் இருக்கிறது. ஹன்ட்மாஸ்டர் மனிதனாக இருக்கும்போது 2/2, அதாவது கொடுக்கும் அடி 2, தாங்கும் பலம் 2. ட்ரிக்கர் காத்துக்கொண்டிருக்கும்போதே ஷாக் அடித்தால் ஆள் காலி. ஓநாயாகிவிட்டால் அவர் ராவேஜர் ஆஃப் தி ஃபெல்ஸ், 4/4. மாறிய கையோடு எதிரிக்கு 2 அடி, அவருடைய பிராணி ஒன்றுக்கு 2 அடி. புதிய விதியில் இந்த இடைவெளி கிடையாது. கார்டுகளை நிமிர்த்தும் கட்டம் தொடங்கும்போதே இரவாகிவிடும், யாரும் வாயைத் திறக்க முடியாது. அடிக்க வேண்டும் என்றால் சும்மா இருக்கும் அந்த டர்ன் முடிவதற்குள் அடித்துவிட வேண்டும். உன் நாத்தனார் மகன் கெட்டிக்காரன் என்று நினைக்கிறேன், சொன்னால் பிடித்துக்கொள்வான்.

ஹன்ட்மாஸ்டர் என் செல்லம் என்பதால் இன்னும் கொஞ்சம். அவர் மேஜைக்கு வரும்போது ஒரு ஓநாய் டோக்கனும் (கார்டு இல்லாமலே மேஜைக்கு வரும் பிராணி) 2 உயிரும் தருவார். ஓநாயிலிருந்து மனிதனாகத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் மறுபடி அதே. எதிரி கஷ்டப்பட்டு ஒரே டர்னில் இரண்டு ஸ்பெல் போட்டு அவரை மனிதனாக்கினால், நமக்கு இன்னொரு ஓநாய்க்குட்டி கிடைக்கும். விட்டாலும் நஷ்டம், பிடித்தாலும் நஷ்டம். சின்னப் பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டு எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே நான் பஜ்ஜி போட்டுக் கொடுக்கிறேன்.

மூன்மிஸ்ட் என்ற கார்டு பற்றிக் கேட்டிருந்தாய். "எல்லா மனிதர்களையும் மாற்று" என்று இருப்பதால் மேஜையே தலைகீழாகும் என்று பெரியவன் எதிர்பார்த்தானாம். பழைய கார்டு மனிதர்கள் மாறுவார்கள், எதிரியுடையவர்களும் சேர்த்து. ஏற்கெனவே ஓநாயாக இருக்கும் பழைய கார்டுகள் அசையாது, பின்பக்கத்தில் அவை மனிதன் என்று எழுதியிருக்காது. டேபவுண்ட் கார்டை மூன்மிஸ்ட் தொடவே முடியாது, அது தன் விதியால் மட்டும்தான் மாறும். ஆகவே டோவலாருக்கு இது வெறும் பனிமூட்டம். ஆனால் அதே கார்டில் இன்னொரு வரி இருக்கிறது: ஓநாய்கள், ஓநாய் மனிதர்கள் தவிர மற்றவர்கள் அந்த டர்னில் சண்டையில் கொடுக்கும் அடி எதுவும் படாது. பையன்கள் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது வரிதான் ஜெயிக்க வைக்கும்.

இம்மர்வுல்ஃப் என்ற கார்டு உன் பக்கம் இருந்தால் கதை வேறு. மனிதனல்லாத உன் ஓநாய் மனிதர்கள் மாற முடியாது என்று அதில் இருக்கிறது. எதிரி எத்தனை ஸ்பெல் போட்டாலும் ராவேஜர் ராவேஜராகவே இருப்பார். ஒரு கார்டு "மாறு" என்றும் இன்னொன்று "மாற முடியாது" என்றும் சொன்னால் முடியாது என்பதே நிற்கும். விதிப்புத்தகத்தின் ஆரம்பத்திலேயே, 101-ஆம் எண்ணின் கீழ், இது இருக்கிறது. பொது விதிக்கும் கார்டுக்கும் முரண்பாடு வந்தால் கார்டு சொல்வதே சரி என்பதும் அங்கேயேதான்.

மாறும்போது அது புது ஆள் இல்லை என்பதையும் சொல்லிவை. அதே ஆள், சட்டைதான் வேறு. மேலே வைத்த கவுன்ட்டர் (அடையாள வில்லை), ஒட்டிய ஆரா (பிராணியோடு சேர்த்து வைக்கும் மந்திரக் கார்டு), அந்த டர்னில் வாங்கிய அடி எல்லாம் அப்படியே இருக்கும். குளோன் போட்டு ஹன்ட்மாஸ்டரை நகலெடுத்தால் அந்த நகல் மாறாது. குளோன் கார்டுக்குப் பின்பக்கம் ஓநாய் இல்லையே. பின்பக்கத்தின் மானா மதிப்பு (கார்டைப் போட எவ்வளவு மானா என்ற எண்) முன்பக்கத்தினுடையதுதான். ஆரம்பத்தில் அதை 0 என்றே வைத்திருந்தார்கள், 2016-ல் மாற்றினார்கள். பழைய விளக்கத்தைப் படித்துவிட்டு யாராவது வாதாடினால் இதைச் சொல்.

புதிய விதியில் எனக்கு ஒரு குறை உண்டு. பகல்-இரவு ஒருமுறை தொடங்கிவிட்டால் ஆட்டம் முடியும் வரை ஓடிக்கொண்டே இருக்கும், மேஜையில் ஒரு ஓநாய்கூட மிஞ்சாவிட்டாலும். ஒவ்வொரு டர்னிலும் எண்ணிக்கொண்டே வர வேண்டும். மறந்துவிட்டார்கள் என்றால், அப்புறம் ஒருவன் புதுசாக டேபவுண்ட் கார்டை இறக்கும்போது பகலா இரவா என்று கத்தல். இரவாக இருந்தால் அது நேரே ஓநாய்ப் பக்கமாகவே இறங்கும். பழைய கார்டுகளுக்கு இந்தப் பகல் இரவு எதுவும் தெரியாது, அவை எப்போதும் மனிதனாகத்தான் வரும். மேஜை ஓரத்தில் ஒரு தீப்பெட்டி வைத்து, படம் மேலே என்றால் பகல், கீழே என்றால் இரவு என்று பழக்கிவிடு.

டோவலார் மட்டும் இரண்டு தலைமுறையையும் சேர்த்துப் பார்க்கிறவன். உன் மகனின் அப்கீப்பில் அவனிடம் ஓநாய்கள், ஓநாய் மனிதர்கள் எல்லாம் சேர்த்து மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் இரவாகிவிடும், கூடவே தன் மனித ஓநாய்களில் வேண்டியவர்களை மாற்றிக்கொள்ளலாம். பழைய கார்டுகளை ஸ்பெல் கணக்குப் பார்க்காமல் மாற்ற இது நல்ல வழி. அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்ததில் பழைய தொகுப்புக் கார்டுகள் இருந்தால் ஒரே டெக்கில் (ஆடும் கார்டுக்கட்டில்) சேர்க்கச் சொல்.

கார்டு விளையாட்டு தவிர, கார்டே இல்லாத ஓநாய் ஆட்டம் ஒன்றும் எங்கள் மொட்டைமாடியில் நடக்கிறது. கரண்டு போனால் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து "ஊரில் ஓநாய் யார்" என்று கண்டுபிடிப்பார்கள். 1986-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் திமித்ரி டேவிடாஃப் மாஃபியா என்று தொடங்கியது அது. 1997-ல் ஆண்ட்ரூ பிளாட்கின் என்ற அமெரிக்கர் அதை ஓநாய்க் கதையாக்கினார். உன் பையன்கள் மறுபடி பேச ஆரம்பிக்க அது கார்டைவிட நல்லது என்று தோன்றுகிறது. நாத்தனாரையும் இழுத்து உட்கார வை.

இங்கே மழை விட்டபாடில்லை. ஏரிக்கரையில் வள்ளுவர் சிலைப் பக்கம் சாயங்காலம் நடப்பது நின்றுபோனது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சோமேஸ்வரர் கோயிலுக்குத் தானாகவே போய்விட்டு வருகிறாள். உன் சின்னவள் கல்லூரி என்ன ஆயிற்று? பாளையங்கோட்டையிலேயே சேர்த்தாயா, மதுரை அனுப்பினாயா? ஒரு வரிகூட எழுதவில்லை நீ.

ஒரு விஷயம் முக்கியம். இந்தக் கார்டுகளுக்குப் பின்னால் பொதுவான படம் இல்லை என்பதால், கார்டுக்கட்டுக்குள் மற்ற கார்டுகளோடு வைத்தால் தனியாகத் தெரிந்துவிடும். பின்பக்கம் தெரியாத ஸ்லீவ் (கார்டு உறை) போட்டு விளையாடுவதுதான் சுலபம். அங்கே கடையில் கிடைக்காது என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு அண்ணன் ஊருக்கு வரும்போது இரண்டு பாக்கெட் கொடுத்தனுப்புகிறேன், கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று; யாருக்கு எது என்று நீயே பிரித்துக் கொடு, அதற்கும் என்னைப் பஞ்சாயத்துக்கு இழுக்காதே. திரும்பி வருகிறவர் கையில் மோர்மிளகாய் கொடுத்துவிடு.

அன்புடன்,
விஜயா