பிளஸ் டூ பெற்றோர்களுக்கு: ஸ்கூல் செய்திகளும், சனிக்கிழமை மாதிரி இன்டர்வியூ பத்தி ஒரு வேண்டுகோளும்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்ங்க. பொங்கல் எல்லாரு வீட்லயும் நல்லபடியா முடிஞ்சிருக்கும்னு நம்பறேன். அரையாண்டு பேப்பர் எல்லாம் குடுத்தாச்சு, காலாண்டுக்கு இது எவ்வளவோ பரவால்ல. கலைத்திருவிழால நம்ம பசங்க மாவட்டம் வரைக்கும் போனாங்க, கோகோ டீமும் நல்லா ஆடுனாங்க, என்எஸ்எஸ் கேம்ப்பும் முடிஞ்சது, எல்லாருக்கும் வாழ்த்துகள். அடுத்து பிராக்டிகல், மார்ச்ல பப்ளிக், ரெக்கார்டு நோட்டு முடிக்காதவங்க இந்த வாரத்துக்குள்ள முடிச்சு கையெழுத்து வாங்கிரணும்.

இப்ப சனிக்கிழமை மாதிரி இன்டர்வியூ விஷயத்துக்கு வர்றேன்.

"மார்க் இருந்தா கவுன்சிலிங்ல சீட்டு, இன்டர்வியூ எதுக்கு டீச்சர்"னு நெறைய பேர் கேக்கறீங்க. இன்ஜினியரிங்குக்கு அது சரிதான், கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்கு கட்ஆஃப், அங்க யாரும் புள்ளைய எதிர்ல உக்கார வெச்சு கேக்கறதில்ல. ஆனா நம்ம பசங்க சில பேர் பெங்களூர் அசிம் பிரேம்ஜி யுனிவர்சிட்டிக்கு போட்டிருக்காங்க, அங்க டெஸ்ட்டுக்கு அப்புறம் நேர்காணல் இருக்கு. இந்தூர் ஐஐஎம்ல பிளஸ் டூ முடிச்ச உடனே சேர்ற அஞ்சு வருஷ மேனேஜ்மென்ட் கோர்ஸுக்கும் இருக்கு. முப்படை அதிகாரி ஆகறதுக்கு பயிற்சி குடுக்கற என்டிஏல எழுத்துத் தேர்வுக்கு 900 மார்க்னா, அதுக்கப்புறம் நடக்கற எஸ்எஸ்பிங்கற நேர்காணலுக்கும் அதே 900, அஞ்சு நாள் அங்கயே தங்க வெச்சு பாப்பாங்க. பொண்ணுங்களுக்கு எதுக்குன்னு யாரும் நெனைக்க வேண்டாம், 2025 மே மாசம் 17 பொண்ணுங்க முதல் பேட்சா புனே பக்கம் கடக்வாஸ்லால இருக்கற அந்த என்டிஏல படிப்பு முடிச்சு வந்துட்டாங்க.

அதுக்குத்தான் நம்ம ஆசிரியர்கள் லீவு நாள்ல வந்து உக்காந்து பிராக்டிஸ் குடுக்கறாங்க. ஆனா ரூம்ல நடக்கறது வேற மாதிரி இருக்கு. ஒரு பையன்கிட்ட ஏன் எகனாமிக்ஸ் எடுக்கற தம்பின்னு கேட்டா அவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அப்பா மொகத்தப் பாக்கறான், அப்பாவும் அவன் பேசற வரைக்கும் பொறுக்காம "அவனுக்கு கலெக்டர் ஆகணும்னு ஆசைங்க"ன்னு சொல்லிடறாரு. ஆசை யாருதுன்னு அந்த ரூம்ல இருந்த எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. பாசத்துல செய்யறீங்க, எனக்குப் புரியுது, ஆனா நாளைக்கு பெங்களூர்ல அந்த ரூமுக்குள்ள அவன் மட்டும்தான் இருப்பான்.

இன்னொரு பாப்பாகிட்ட உங்க ஊரைப் பத்தி சொல்லும்மான்னு கேட்டாங்க. ஏதோ சென்டர்ல எழுதிக் குடுத்த இங்கிலீஷ் பத்திய ஒப்பிச்சா, பவானி கோயில், ரெண்டு ஆறு, கூடுதுறை, நடுவுல ஒரு வார்த்தை மறந்ததும் அப்படியே நின்னுட்டா, கண்ணுல தண்ணி. அம்மாவ கொஞ்சம் வெளிய இருங்கன்னு சொல்லிட்டு வீட்ல என்ன தொழில்னு தமிழ்ல கேட்டோம். ஜமுக்காளத் தறிங்க, குழிக்குள்ள கால விட்டு உக்காந்து நெய்யணும், அகலமான துணின்னா ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காரணும், ஒருத்தர் தள்ளற நாடாவ இன்னொருத்தர் வாங்கணும், எங்கப்பாவுக்கு ஜோடி ஆள் வராத நாள்ல நான்தான் உக்காருவேன்னு கையால காட்டிக் காட்டி சொன்னா. 2005லயே புவிசார் குறியீடு வாங்கின துணிய நெய்யறவங்களுக்கு கூலி ஏன் ஏற மாட்டேங்குதுன்னு அவளே எங்ககிட்ட கேட்டா. எகனாமிக்ஸ் படிக்க வர்ற புள்ளைகிட்ட எந்த புரொஃபசருக்கும் இதுக்கு மேல என்ன வேணும்? அத விட்டுட்டு காசு குடுத்து மனப்பாடப் பத்தி வாங்கறீங்களேன்னு மனசு கஷ்டமா இருக்கு. எஸ்எஸ்பில 60 வார்த்தை காட்டுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் 15 செகண்ட்ல தோணறத எழுதணும், அங்க எந்த மனப்பாடமும் உதவாது.

அதனால சிலது கறாரா சொல்லியே ஆகணும். இந்த சனிக்கிழமைலருந்து பெற்றோர் யாரும் இன்டர்வியூ ரூமுக்குள்ள வரக்கூடாது, ஜன்னல் பக்கம் நின்னு சைகை காட்டறதும் கூடாது, வராண்டால பெஞ்ச் போட்டிருக்கோம். கேள்விய முன்னாடியே குடுங்கன்னு ராத்திரில ஆசிரியர்களுக்கு போன் பண்றத தயவுசெஞ்சு நிறுத்துங்க, அவங்களுக்கும் குடும்பம் இருக்கு, கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. இத மீறினா அன்னைக்கு அந்தப் புள்ளைக்கு பிராக்டிஸ் கெடையாது, வேற புள்ளைக்கு அந்த நேரத்த குடுத்துருவோம்.

நீங்க செய்ய வேண்டியது வேற இருக்குங்க. ராத்திரி சாப்பிடும்போது டிவிய ஆஃப் பண்ணிட்டு இன்னைக்கு என்ன படிச்சேன்னு கேளுங்க, தமிழ்லயே சொல்லட்டும், தப்பா சொன்னாலும் முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாதீங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்ல விடுங்க, இன்டர்வியூலயும் அதைச் சொல்றது தப்பே இல்ல. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இல்லாதவங்க இப்பவே இ-சேவை மையத்துல போடுங்க, ரிசல்ட் வந்தப்புறம் போனா கூட்டத்துல நிக்கணும், பேர் ஆதார்லயும் மார்க் ஷீட்லயும் ஒரே மாதிரி இருக்கான்னும் பாத்துக்கங்க.

தறிய நிறுத்திட்டு, ஒரு நாள் கூலிய விட்டுட்டு, புள்ளைக்காக கேட்ல வந்து நிக்கறீங்க. போன வாரம் ஒரு அப்பா ஆசிரியர்கள் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வந்து குடுத்துட்டு பேர் கூட சொல்லாம போயிட்டாரு. உங்க எல்லாருக்கும் நாங்க ரொம்ப கடமைப்பட்டிருக்கோம்ங்க.

சனிக்கிழமை காலைல 10 மணி, புள்ளைங்க யூனிஃபார்ம்ல வந்தா போதும், புதுத்துணி எடுக்க வேண்டாம்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்